றொகானின் போன்

கூடத்தின் நடுவில் கனிசியஸின் சவப்பெட்டி. தலைமாட்டில் மனைவி மரியநாயகி, வலப்பக்கம் மகள் சிசிலியா, சுவரோரம் குருநகர்க் கடற்றொழிலாளிகள். கால்மாட்டில் ஒரு வெறுங்கதிரை. அது பிரான்சுக்குப் போன மகன் றொகானுக்கு. வாசலடியில், வெளிநாட்டு உறவுகளுக்கு நேரலை காட்ட வந்த லெனாட், கமெராவும் மடிக்கணினியுமாக.

நேரலை இரண்டாம் தரமும் நின்றுவிட்டது.

"தம்பி, உன்ரை படம் கனிசியஸ் அண்ணையை விட அசையாமல் கிடக்குது," என்றார் சுவரோரம் இருந்த ஒருவர்.

"றொகான் அண்ணை பாக்காமல் பெட்டியை மூடேலாது. அம்மா தாங்கமாட்டா," என்று சிசிலியா மறித்து நின்றாள்.

லெனாட் படம் அனுப்பும் வழியை மாற்றினான். "இனிப் பாக்கிற ஒவ்வொரு போனும் தனக்குக் கிடைச்ச படத்துண்டை மற்றப் போனுக்குக் குடுக்கும், அக்கா. ஒண்டு விழுந்தா மற்றது தாங்கும்."

படம் ஓடத் தொடங்கியது. பார்ப்பவர்களின் பட்டியலில் கனடாவும் லண்டனும் விழுந்து விழுந்து எழும்பின. றொகான் என்ற பெயர் மட்டும் விழவேயில்லை. அடுத்த தெருவில் இருந்து பார்த்தவர்களுக்கும் முந்தி அதற்குத்தான் படம் போய்ச் சேர்ந்தது.

"அன்ரி, றொகான் அண்ணைதான் எல்லாரையும் தாங்கிப் பிடிக்கிறார்!" என்றான் லெனாட்.

மரியநாயகி கமெராப் பக்கம் திரும்பவில்லை. மகளின் முகத்தைத்தான் பார்த்தாள். "பாத்திட்டான்தானே. மூடுங்கோ."

சேமக்காலையில் அடக்கம் முடிந்து திரும்பி வந்து வயரைச் சுற்றிக்கொண்டே லெனாட் உள்ளறைக்குப் போனான். அலுமாரிக்குப் பின்னால் ஒரு பழைய போன் சார்ஜில் கிடந்தது. திரையில் அவனுடைய நேரலை. மேலே றொகான் என்ற பெயர்.

சிசிலியா ஓடிவந்து கதவைச் சாத்தினாள்.

"அண்ணை போன படகு கவிண்டு ரெண்டு வருசம், லெனாட். அப்பாதான் உந்தப் போனிலை இருந்து அவன் எழுதிற மாதிரி அம்மாவுக்கு மெசேஜ் போட்டவர். இனி நான்தான். அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை, செத்துப்போவா."

லெனாட் சரியெனத் தலையை ஆட்டினான்.

வெளியே மரியநாயகி ஒரு கடித உறையை நாக்கால் நனைத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். "றொகானுக்கு. அப்பாவை எப்பிடி அனுப்பினனாங்கள் எண்டு எழுதியிருக்கிறன். போற வழியிலை போட்டுவிடு, தம்பி," என்றாள், உள்ளே நின்ற மகளுக்கும் கேட்கும்படி.

வாசல் படலை வரைக்கும் கூடவே வந்தாள். அங்கேதான் லெனாட் உறையைத் திருப்பிப் பார்த்தான்.

"அன்ரி, விலாசம் எழுதேல்லை."

அவள் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எந்தக் கடலெண்டு எழுதுறது, தம்பி? சிசிலியாவுக்குச் சொல்லிப்போடாதை."