பின்னால் மூடிய மதகு

சமையலறை மேசையில் கால்வாய் வரைபடத்தை விரித்து, ரோவினாவும் கணவன் டெஸ்மண்டும் ஈஸ்டர் படகுப் பயணத்துக்குத் திட்டம் போட்டார்கள்.

“போன வருஷம் மாதிரியே வச்சுப்போம். மதகுக் கதவை நான் திறக்கறேன். படகு தாண்டினதும் நீ இறங்கி மூடிடு,” என்றான் டெஸ்மண்ட்.

“நானா? சுக்கானை விட்டு நான் நகரவே இல்லையே! மூடினது நீதானே?”

“விளையாடாதே ரோ. நான்தான் டீ போட உள்ளே போயிடுவேனே.”

கால்வாயில் படகுகளை ஏற்றி இறக்கும் மதகைத் திறந்தே போட்டுவிட்டுப் போனால், அடுத்து வரும் படகுக்காரன் வைது தீர்த்துவிடுவான். போன வருடம் யாரும் வையவில்லை. ரோவினா திரும்பிப் பார்த்தபோதெல்லாம் கதவுகள் ஒழுங்காக மூடித்தான் இருந்தன.

வெளியே தோட்டக் கதவு கிறீச்சிட்டது.

“வரும்போது அதை மூடினியா?” என்று கேட்டாள் ரோவினா.

“மறந்துட்டேன்.”

அவள் ஜன்னலருகே போனாள். தோட்டக் கதவு மூடியிருந்தது. தாழ்ப்பாள் உள்பக்கமாகப் போட்டிருந்தது.