அயோம்பாரி

பள்ளிக்கூடத்துத் தகரக் கூரைமேல் புதிதாக வைத்த இணையத் தட்டு நடுப்பகல் வெயிலில் கண்ணைக் கூசவைக்கிறது. கூரை நிழலில் உட்கார்ந்து லொயிடா மூன்றாம் முறையாகக் கைப்பேசியிடம் கத்துகிறாள்: "என் வீட்டுக்காரர மரம் வெட்ட அந்த அயோம்பாரி கூட்டிட்டுப் போயி ஒன்பது மாசமாச்சு. துப்பாக்கிய வச்சுக்கிட்டு விடமாட்டேங்கிறான்!" கொத்தடிமைகளை மீட்கவென்று நகரத்திலிருந்து வந்தவர்கள் கொடுத்துப்போன செயலி, இந்த அமேசான் காட்டு மக்களின் அஷானிங்கா பேச்சை ஸ்பானிஷாக்குமாம். கொழுந்தன் அப்தியாஸ் திரையை எழுத்துக்கூட்டி வாசிக்கிறான்: "'கணவரை நண்பர் வேட்டைக்கு அழைத்துச் சென்றார்.' புகார் எதுவும் இல்லைன்னு மனுவ மூடிருச்சு, அண்ணி."

"நண்பனாம், நண்பன்!"

"அவன் பேரச் சொல்லிப் பாருங்க."

"பேரு யாருக்குத் தெரியும்? அவரு கையில வெட்டுக்கத்தியும் துணியும் திணிச்சு, நான் உன் அயோம்பாரின்னுதான வந்தான்!" பண்டம் மாற்றிக்கொள்ளும் கூட்டாளிக்கான சொல் அது. வாங்கிக்கொண்டபின் அவன் கேட்பதை மறுக்கும் வழக்கம் இங்கே யாருக்கும் இல்லை.

ஆற்றில் மோட்டார் உறுமுகிறது. வெட்டிய மரங்களை இழுத்துக்கொண்டு படகு போகிறது. முனையில் நிற்பவன் அவனேதான்; வாயெல்லாம் பல்லாகத் தொப்பியை ஆட்டுகிறான்: "அயோம்பாரீ!" பழக்கத்தில் உயர்ந்துவிட்ட அப்தியாஸின் கையை லொயிடா தட்டிவிடுகிறாள். அவள் மடியில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்த கைப்பேசி, அவன் கூவலையும் மொழிபெயர்த்துச் சட்டென்று ஒளிர்கிறது.

'நண்பரே!'