ஓட்டை அஞ்சும் பொருந்துது

"போல்ட்டு ஓட்டை அஞ்சும் பொருந்துது ஆத்தா. வீல்தேன் பொருந்தல."

சொல்லிவிட்டு மெக்கானிக் அம்மாவாசி கார் ஷெட் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கம்பத்திலிருந்து தேவாரம் வரை அந்தக் கனத்த சக்கரத்தை மினி வேனில் ஏற்றி, இறக்கி, உருட்டியதில் முதுகு விண்விண்ணென்று தெறித்தது.

கிருபாவதிக்கும் அசதிதான். வெள்ளிக்கிழமை மகள் யுவராணிக்குக் கல்யாணம். தாத்தா காரில்தான் மண்டபத்துக்குப் போவேன் என்று பெண் ஒற்றைக்காலில் நிற்கிறாள். அந்த நேரம் பார்த்து அந்தக் காடிலாக் காரின் முன்சக்கரம் பாறையில் மோதி, ரிம் பிளந்துவிட்டது.

கிருபாவதியின் அப்பா ஏலக்காய் வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்தபோது வாங்கிய இரண்டு அமெரிக்கக் கார்களில் அது ஒன்று. சீதனமாக அவளோடு தேவாரத்துக்கு வந்தது. மற்றது கம்பத்தில், தம்பி கர்ணனிடம். இந்தப் பக்கத்தில் வேறு யாரிடமும் அந்தச் சக்கரம் கிடையாது. அவனிடமிருந்து அம்மாவாசி வாங்கி வந்ததுதான் இது.

கிணற்றுப் பங்கில் மூண்ட சண்டைக்குப் பிறகு அக்காவும் தம்பியும் முகம் பார்ப்பதில்லை. மாலை போட்டுப் பெண்ணை மேடைக்குக் கூட்டிப்போக வேண்டிய தாய்மாமன் அவன். அவனுக்குப் பத்திரிகைகூட வைக்கவில்லை. அப்பா போன பிறகு இரண்டு கார்களையும் பார்த்துக்கொள்வது அம்மாவாசிதான். அதனால் இந்த ரோஷக்காரர்களுக்கு நடுவில் தூது போகிற வேலையும் அவர் தலையில் விழுந்தது. மனுஷனுக்குச் சலித்துவிட்டது.

"ரெண்டும் ஒரே கம்பெனி வண்டிதானண்ணே?"

"கம்பெனி ஒண்ணுதேன். பிரேக்கு வேற. தம்பி வண்டி பழைய மாடலு, நாலு வீலும் டிரம். உங்களது அதுக்கப்புறம் வந்தது, முன்னாடி டிஸ்க்கு. அந்த டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் புடைச்சுக்கிட்டு நிக்கும். டிரம் வண்டி வீலை மாட்டுனா உள்பக்கம் அதுல இடிக்கும். சுத்தாது."

"வாஷர் கீஷர் வச்சு ஒப்பேத்த முடியாதா?"

"கல்யாணப் பொண்ணு உக்காந்து போற வண்டி. அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

"அப்ப என்னதேன் வழி?"

அம்மாவாசி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"தம்பி வண்டியவே கொண்டாரணும்."

"நீங்களே ஓட்டிக்கிட்டு வாங்க."

"அந்த டிரம் பிரேக்கு ஒரு பக்கமா இழுக்கும். கர்ணன் தம்பி காலுக்குத்தேன் அடங்கும். அவரே ஓட்டிட்டு வந்தாத்தேன் உண்டு."

கிருபாவதி ஜாக்கியில் நின்ற காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிஸ்க்குங்கிறீக?"

"ஆமாத்தா."

"கழட்டி, நல்லாப் பாத்தீகளா?"

"பாத்துட்டுத்தேன் சொல்றேன்."

"சரி. டிஸ்க்குன்னா டிஸ்க்குதேன்." எழுந்து சேலையை உதறினாள். "அவனையே ஓட்டிட்டு வரச் சொல்லுங்க. வண்டிக்காகத்தேன், பாத்துக்கங்க. நான் கூப்பிட்டேன்னு போயி ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லிப்புடாதீக."

கம்பத்தில் கர்ணனின் வாழைக்காய் மண்டிக்கு அம்மாவாசி வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சக்கரத்தை இறக்கிப் போட்டுவிட்டு, அங்கே சொன்ன அதே பாடத்தை இங்கேயும் ஒப்பித்தார். கேட்கக் கேட்க கர்ணனின் முகம் ஒரு மாதிரியானது.

"அக்கா என்ன சொல்லுச்சு?"

"டிஸ்க்கான்னு ரெண்டு தடவை கேட்டாக. அப்புறம், நீங்களே ஓட்டிட்டு வரணும்னு சொன்னாக."

கர்ணன் கல்லாவை விட்டு எழுந்தான். பெருமூச்சா சிரிப்பா என்று தெரியாத ஒன்று அவனிடமிருந்து வந்தது.

"அண்ணே, அக்கா வண்டியில டிஸ்க்கே கெடையாது."

அம்மாவாசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவருக்கும் தெரியும். பிளந்த சக்கரத்தைக் கழற்றியபோதே உள்ளே டிரம்தான் இருந்தது. கர்ணன் கொடுத்தனுப்பிய சக்கரம் அதில் கச்சிதமாக உட்கார்ந்ததையும் ஆள் இல்லாத நேரத்தில் பார்த்துவிட்டுத்தான் மறுபடி கழற்றி வைத்தார்.

"மன்னிச்சுக்கங்க தம்பி," என்றார். "நடந்து நடந்து ஓஞ்சுட்டேன். தாய்மாமன் மாலை இல்லாம அந்தப் புள்ள மேடை ஏறுறதப் பாக்க மனசு கேக்கல. அதேன் ஒரு பொய்யச் சொல்லிப்புட்டேன். அக்காட்ட மட்டும் காட்டிக் குடுத்துறாதீக. அவுக அப்படியே நம்பிட்டாக."

"நம்பிருச்சா?" கர்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்பா இருக்கும்போதே, டிஸ்க்குக்குச் சாமான் கிடைக்காம, ஒடசல் வண்டியில இருந்து டிரம்மைக் கொண்டாந்து அதுல மாட்டுனது நான்தேன். நாள் முழுக்கப் பக்கத்துல குத்தவச்சு உக்காந்து, ஸ்பேனர் எடுத்துக் குடுத்தது யாருங்கிறீக? அக்காதேன்."