ஆறு இலக்கம்

இ-சேவை மையத்துப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இறப்புச் சான்றிதழுக்கு ஓடிபி அவரு நம்பருக்குத்தான் போகும். போன் எங்கம்மா?"

"குழியில," என்றாள் பவளக்கொடி. கணவர் கையை விட்டு இறக்காத பொருள் என்று, வெற்றிலைப் பெட்டியோடு அதையும் நெஞ்சின்மேல் வைத்து நேற்றுத்தான் மண் தள்ளியிருந்தார்கள்.

"அனுப்பிட்டேன். பத்து நிமிஷத்துல சொல்லணும். இல்லேன்னா சிஸ்டத்துல அவரு உயிரோடதான் இருப்பாரு."

இடுகாடு பின்தெருவில்தான் இருந்தது. ஓடிப்போய் ஈரமண்ணில் காதை வைத்தாள். படிக்காத செய்திக்கு விட்டுவிட்டு அடிக்கும் மணி உள்ளே மெல்லக் கேட்டது. எண்களை எப்போதும் அவர்தான் வாசித்துச் சொல்வார். எழுதிக்கொள்ள மண்ணில் விரலை ஊன்றினாள்.

"ஏங்க, நீங்க செத்துட்டீங்கன்னு அவங்க பதிஞ்சுக்கணுமாம். அந்த ஆறு நம்பரையும் மெதுவாச் சொல்லுங்க."