மேடேறிய ரயில்

பழைய நீராவி ரயில் மேடேறித் திரும்பியதும் கூட்டம் ஆரவாரம் செய்தது. நிலக்கரிக்குப் பதிலாக மரத்தூளை அழுத்தி எரிகட்டி செய்தவள் டிரைவரின் மகள்தான். "இதுல டீத்தண்ணி கூடக் கொதிக்காது" என்று கேலி செய்த அப்பாவே இன்று வண்டியை ஓட்டியிருந்தார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மீதிக் கட்டிகளைக் கூட்டத்துக்குக் காட்டலாமென்று கொட்டகைக்குள் ஓடினாள். அவள் அனுப்பிய மூட்டைகள் அத்தனையும் தையல் பிரிக்காமல் கிடந்தன.

பின்னாலேயே வந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப எதைப்பா எரிச்சீங்க?"

"நிலக்கரிதாம்மா. நாலு பேர் முன்னாடி நீ தலைகுனியக் கூடாதுன்னுதான்... உன் கட்டி எரியாமப் போயிருந்தா?"

வெளியே கைதட்டல் இன்னும் ஓயவில்லை.

"எரிஞ்சிருந்தாப்பா?"