நாலு நடை, மீதி ஒன்று

"நாப்பத்தொன்பது பேர். படகுல பன்னெண்டு பேர். நாலு நடை, மீதி ஒண்ணு. அந்த ஒரு ஆளுக்காக நான் திரும்பி வரமாட்டேன்."

கயிற்றை அவிழ்த்தபடியே சொன்னார் படகுக்காரர் டோர்லைஃப். வட நார்வேயின் அந்தத் துறைக்கு எதிரே, தீவுத் தேவாலயத்தில் ஒரு மணிக்குக் கல்யாணம். கடைசி நடைக்குப் பன்னிரண்டு பேர் ஏறியாயிற்று. கரையில் மிஞ்சியது மணப்பெண்ணின் பெரியம்மா ஒட்னி. பேருந்து தாமதம்.

"மீதியா? நான் என்னடா, தட்டுல ஒட்டின கேக்குத் தூளா?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. கூட ஒரு பூனைக்குட்டி ஏத்தினாலும் லைசென்ஸ் போயிடும்."

"அப்ப இன்னொரு நடை வா."

"இதோட படகைக் கட்டிட்டு, நானும் கோட்டு மாட்டிப் பந்தியில உக்காரணும். வகுத்தா நாலுதான். எந்த வாத்தியாரை வேணா கேளுங்க."

"என் தங்கச்சி செத்துப் போனப்ப அவ பொண்ணுக்கு மூணு வயசு. மீன் முள் எடுத்து ஊட்டி வளத்தவடா நான். அவ மோதிரம் மாத்துறப்ப நான் இங்க நின்னு கடலைப் பாக்கணுமா?"

படகில் இருந்தவர்கள் குனிந்து தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். ஓரத்தில் இருந்த ஒருத்தி மட்டும் பெரிய பையோடு எழுந்து கரையில் இறங்கினாள். ஊருக்குப் புதுமுகம். மழைக்கோட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தாள்.

"என் இடத்துல உக்காருங்கம்மா. நான் இருந்துக்கறேன்."

"ஐயோ, நீ எந்தப் பக்கத்துச் சொந்தம்மா?"

"ரெண்டு பக்கத்துக்கும் வேண்டியவ." டோர்லைஃபைப் பார்த்தாள். "திரும்பி வரமாட்டீங்கல்ல?"

"மாட்டேன்."

"சரி." அவள் கம்பத்தில் சாய்ந்து, பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டாள்.

மணி ஒன்றைத் தாண்டியது. தீவுத் தேவாலயத்தில் ஆர்கன்காரர் அதே பாட்டை மூன்றாம் முறை வாசித்துக்கொண்டிருந்தார். டோர்லைஃப் கோட்டில் ஒரு கை நுழைத்திருந்தபோது, மணப்பெண்ணின் அப்பா ஓடிவந்தார்.

"டோர்லைஃப், எல்லாரும் உக்காந்தாச்சு. கல்யாணம் நடத்தி வைக்க வந்த புதுப் போதகரம்மாவை எந்த நடையில கூட்டிட்டு வந்தே?"

இருபது நிமிடம் கழித்து, துறையில் வெள்ளை அங்கியோடு காத்திருந்தவள் படகில் ஏறி உட்கார்ந்தாள்.

"நாப்பத்தொன்பதைப் பன்னெண்டால வகுத்தா எத்தனை நடைங்க?"

"அஞ்சு, போதகரம்மா."