பாறை சொன்ன சாட்சி

“பூமிக்கடியில பாறையைப் பக்கவாட்டுல நெருக்குற அழுத்தம் இவ்வளவு இருக்கவே இருக்காது. கணக்கை மாத்து!” தலைமைப் பொறியாளர் சீறினார்.

“மாத்த மாட்டேன் மேடம். சோதிச்சுப் பாருங்க,” என்றாள் இளம் பொறியாளர்.

எண்ணெய்க் கிணற்றுக்குள் தண்ணீரை அழுத்திச் செலுத்தி, அடிப்பாறையில் விரிசல் உண்டாக்கினார்கள். பம்பை நிறுத்தியதும் பாறையின் நெருக்கலில் விரிசல் மூடிக்கொண்டது. மூடிய கணத்தில் திரையில் தெரிந்த அழுத்தம், அவள் சொன்ன அதே எண்!

மேலாளருக்குப் பொறுக்கவில்லை. “நாங்க எல்லாரும் அப்பவே ஒத்துக்கிட்டோம். நீங்க மட்டும் ஏன் மேடம் அந்தப் பொண்ணைப் பாடாப் படுத்தினீங்க?”

தலைமைப் பொறியாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நான் தலையாட்டியிருந்தா, எல்லாம் மாமியார் தயவுன்னு பேசியிருப்பீங்க. இப்பப் பேசுங்க பார்ப்போம். எனக்குத்தான் அவ மருமக, பாறைக்குமா?”